மூன்றாவது ஓலை

மூன்றாவது ஞாயிறும் ஷாஜன் வந்து ஆலயத்தின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

ஜெபசீலன் திரும்பித் திரும்பிப் பார்த்தான். தங்கை ரெஜிலாவின் மறுமண அறிவிப்பைச் சபையில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஓலை வாசிப்பு என்பார்கள். அந்த மூன்று வாரமும் விவாகரத்தான பழைய புருஷனுக்கு இங்கே என்ன வேலை? அவனுடைய சபை தக்கலையில் அல்லவா இருக்கிறது?

போன வாரம் வாசலில் மறித்துக் கேட்டும் பார்த்தான். ஆராதனைக்கு வந்தேன் அண்ணே என்று சொல்லி ஷாஜன் நழுவிவிட்டான்.

நாகர்கோவில் கோர்ட்டில் காரியம் சுலபமாகத்தான் முடிந்தது. இரண்டு பேரும் சம்மதித்தால் போதும், யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை, ஆறு மாதக் காத்திருப்பைக்கூட இப்போது தள்ளுபடி செய்துவிடுகிறார்கள் என்றார் வக்கீல். அப்படியே நடந்தது. ரெஜிலாவும் காரணம் என்று எதையும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஆனால், கோர்ட் கேட்காததைச் சபை கேட்கும். பிரிவுக்குக் காரணமில்லாதவருக்கு மட்டும்தான் மறுமணம் நடத்தி வைப்பார்கள். ஓலை வாசிக்கும்போது ஒருவர் எழுந்து தடை சொன்னால் எல்லாம் நின்றுவிடும். ஆலயத்தில் நடக்காத கல்யாணம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் வேறு கறாராகச் சொல்லியிருந்தார்கள்.

"உனக்க வாழ்க்கையக் கெடுக்கத்தான் வந்திருக்கான், பாத்துக்க," என்று படியேறும்போதே தங்கையிடம் சொல்லியிருந்தான்.

போதகர் ஓலையை வாசித்து முடித்து, தடை ஏதும் உண்டானால் சொல்லலாம் என்றார்.

எழுந்தது நேசபாய். கமிட்டியில் இருப்பவள், ஊர் வம்பு அத்தனையும் விரல் நுனியில் வைத்திருப்பவள்.

"தடையில்ல ஐயா, ஒரு சந்தேகம். இவ கெட்டினவன விட்டுட்டு வந்தா. காரணம் யாருன்னு சபைக்குத் தெரியண்டாமா?"

ரெஜிலா தலையைக் குனிந்துகொண்டாள்.

கடைசி பெஞ்சில் ஷாஜன் எழுந்தான். தொலைந்தது என்று ஜெபசீலனும் பதறி எழுந்தான்.

"காரணம் நான்தான்," என்றான் ஷாஜன். "எனக்கு வேற ஒரு பெண்ணோட தொடுப்பு இருந்துது. ரெஜிலா பேருல ஒரு குத்தமும் கெடையாது."

சொல்லிவிட்டு, யார் முகத்தையும் பாராமல் வெளியேறினான். ஆலயம் முழுக்க முணுமுணுப்பு. தடை எதுவும் இல்லை என்று போதகர் அறிவித்தார். ஆராதனை முடிந்ததும் நேசபாயே வந்து, பாவம் பிள்ளை, எவ்வளவு சகித்திருக்கும் என்று ரெஜிலாவின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

வீடு வரும்வரை வழியில் பார்த்தவர்களிடமெல்லாம் ஜெபசீலன் ஷாஜனைக் கிழிகிழியென்று கிழித்தான். நல்ல ஆள் என்று நம்பிப் பெண் கொடுத்தோமே என்று ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏட்டி, இவ்வளவு கேவலப்பட்டவன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

ரெஜிலா அழுதுகொண்டிருந்தாள். கல்யாணம் உறுதியான சந்தோஷம் என்றுதான் அவன் நினைத்தான்.

"அவருக்கு எந்தப் பெண்ணும் கெடையாது அண்ணே. நீ பாத்து வச்ச கல்யாணத்துல மனசு ஒட்டாம, பிரியணும்னு ஒத்தக்கால்ல நின்னது நான்தான். யாராவது இப்பிடிக் கேப்பாவன்னுதான் மூணு வாரமும் வந்து இருந்திருக்காரு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இனி அவருக்குத்தான் எந்தச் சபையிலயும் கல்யாணம் செய்து வைக்க மாட்டாவ."