மஞ்சளில் நின்ற விளக்கு

எங்கள் வங்கியின் ஃப்ரண்ட் ஆபீசில் வாடிக்கையாளரிடம் பேசுகிறவர்கள் காலரில் ஒரு சிறு விளக்கு அணிய வேண்டும். மனதில் உறுதி இருந்தால் அது தானாகவே பச்சையாகும், சந்தேகம் வந்தால் மஞ்சளாகும். நான் இரண்டு வருடம் பழகி, பதில் தெரியாதபோதும் பச்சையிலேயே இருக்கக் கற்றுக்கொண்டேன்.

நன்முல்லை பதினோரு வருடம் வாடிக்கையாளரைப் பார்க்காமல் மிடில் ஆபீசில் உட்கார்ந்து, எந்த முதலீட்டில் என்ன ரிஸ்க் என்று கணக்குப் பார்த்தவள். அன்று வாடிக்கையாளரோடு அவளுக்கு முதல் வீடியோ அழைப்பு. சொதப்பினால் பழைய நாற்காலிதான். துணைக்கு நான் பக்கத்தில் இருந்தேன்.

“வெலைக்கு வந்திருக்கற அந்த மில்ல வாங்கலாமுங்களா?” என்று திரையில் கேட்டார் எங்கள் பழைய வாடிக்கையாளர், கோவை வேலுச்சாமி.

அவள் விளக்கு மஞ்சளானது.

“துப்பட்டாவ இழுத்து மூடுடி,” என்று கிசுகிசுத்தேன். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்வதுதான்.

அவள் தொடவில்லை. “உறுதியா சொல்லத் தெரியல சார். அந்த மில் கணக்குல ரெண்டு எடத்துல எனக்குப் பயமா இருக்கு.”

அவர் விளக்கையே பார்த்தார். “பதினஞ்சு வருசமா உங்க ஆளுககிட்ட பேசறனுங்க. மஞ்சள இப்பத்தான் பாக்கறேன். அந்த ரெண்டையும் சொல்லுங்க அம்மணி.”

ஒரு மணி நேரம் பேசினார்கள். அந்த நிறத்தை எனக்குள் எப்போது தொலைத்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மில் வேண்டாம் என்று முடிவெடுத்த வேலுச்சாமி, இனி அவளிடம் மட்டுமே பேசுவேன் என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார்.

“உனக்கு பயமே இல்லையாடி?” என்று கேட்டேன்.

“இருந்துச்சே. அதான் ஒரு மணி நேரம் மஞ்சளா எரிஞ்சுதே,” என்று சிரித்தாள்.