அஞ்சு கிலோமீட்டரில் மூன்று ஆமா

முதல் வளைவு தாண்டியதுமே தருண்குமார் வாயால் மூச்சு விட ஆரம்பித்துவிட்டான்.

கீர்த்திகா திரும்பிப் பார்க்கவில்லை. சத்தமே போதுமாக இருந்தது. பிரஸ்ஸில் கிடக்கும் பழைய கம்ப்ரெஸ்ஸர் மாதிரி, புஸ், புஸ்.

பெண் கேட்டு அனுப்பிய பயோடேட்டாவில் பொழுதுபோக்கு என்ற இடத்தில் 'தினமும் பத்து கிலோமீட்டர் ஓட்டம்' என்று போட்டிருந்தான். படித்த அன்றே அவளுக்குச் சிரிப்பு.

அத்தை மகன் ஹரிஷ்குமாரும் இப்படித்தான். மைதானத்தை ரெண்டு சுற்றுச் சுற்றுவான். செல்போனில் ஓட்டக் கணக்கை நிறுத்தாமலே பைக்கில் போய்ப் பால் வாங்குவான். வீட்டுக்கு வந்து எட்டு கிலோமீட்டர் என்று ஸ்டேட்டஸ் வைப்பான்.

ஆம்பளைகளின் கிலோமீட்டர் அவளுக்கு அத்துப்படி.

அவளுடையது அப்படியல்ல. அப்பாவின் பிரஸ் வாசலில் தொடங்கினால் நாரணாபுரத்துக்கு ரோடு பிரியும் விலக்கு டீக்கடை வரை சுத்தமாக அஞ்சு. லோடு ஆட்டோக்காரர்கள் அத்தனை பேரும் அஞ்சு என்று சொல்லித்தான் வாடகை வாங்குகிறார்கள். இதைவிடப் பெரிய அத்தாட்சி என்ன வேண்டும்?

பெரியவர்கள் மூன்று தடவை உட்கார்ந்து பேசியாகிவிட்டது. மண்டபம், தேதி, பந்தி எல்லாம் முடிந்து ஒன்றே ஒன்று மட்டும் இழுத்துக்கொண்டிருந்தது.

பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடிக்கும் அந்தப் பிரஸ்ஸை ஆறு வருடமாக நடத்துவது கீர்த்திகாதான். கல்யாணமானால் அதை விட்டுவிட்டு விருதுநகருக்கு வந்து வீட்டோடு இருக்க வேண்டும் என்றாள் தருண்குமாரின் அம்மா. அப்படியானால் கல்யாணமே வேண்டாம் என்றாள் கீர்த்திகா.

சொல்லிவிட்டாளே தவிர, ஆளைப் பிடித்திருந்தது. அதுதான் சங்கடம்.

கடைசியில் பெரியவர்கள் கையை விரித்துவிட்டார்கள். ரெண்டு பேரும் பேசி என்ன சொல்கிறார்களோ அதுவே முடிவு.

ஓடிக்கொண்டே பேசலாம் என்று சொன்னது அவள். மூச்சு வாங்குகிறவனால் வாதாட முடியாது என்பது அவள் கணக்கு.

வேகத்தைக் கூட்டினாள்.

கம்பெனி வேனுக்குத் தூக்குவாளியோடு காத்து நின்ற பெண்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தி கத்தினாள்: "மெல்லப் போ தாயி! அந்தப் புள்ளைக்கு உசுரு போயிரும் போல!"

சாலையே சிரித்தது. தருண்குமாரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரிக்க முயன்றான்.

கீர்த்திகா இன்னும் கொஞ்சம் கூட்டினாள். அரை அடிதான் பின்னால் இருந்தான். மறுபடி கூட்டினாள். அதே அரை அடி. பிடிவாதக்காரன், உயிரைக் கொடுத்து ஒட்டிக்கொண்டு வருகிறான் என்று நினைத்துக்கொண்டாள். விலாவில் சுருக்கென்றது. காலையில் குடித்த டீ.

பட்டாசுக் கம்பெனி மதில் தொடங்கிய இடத்தில் ஆரம்பித்தாள்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் பிரஸ் என் கையிலதான். சரிதான?"

புஸ். புஸ். "ஆ... மா."

ஒன்று விழுந்துவிட்டது. மதில் முடிவதற்குள் அடுத்தது.

"தீபாவளி சீசன் மூணு மாசமும் நான் சிவகாசியிலதான் இருப்பேன். நீங்க இங்கன வந்துட்டுப் போகணும்."

"ஆமா."

இவ்வளவு சுலபமா? இதைத்தானா மூன்று தடவை தாம்பாளம் வைத்துப் பேசினார்கள்! திட்டத்தில் இல்லாத ஒன்று அப்போதுதான் வாயில் வந்தது.

"இதெல்லாத்தையும் உங்க அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

இந்தத் தடவை புஸ் சத்தம் ஒரு நொடி நின்றது. பிறகு, "ஆமா."

விலக்கு வந்துவிட்டது. டீக்கடைப் பக்கம் ஒரு லாரி நின்றிருந்தது. தருண்குமார் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்தபடி கேட்டான்: "அதுக்குள்ள... அஞ்சு வந்துருச்சா?"

பாவம், பிழைத்தோம் என்று இருக்கிறது போல. ஜெயித்தவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. லாரி ஓரம் அவனை நிற்கச் சொல்லிவிட்டு, கடையில் போய்ப் பன்னீர் சோடா ஒன்று வாங்கினாள்.

திரும்பி வரும்போது லாரிக்கு அந்தப் பக்கமிருந்து அவன் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"நான் என்னம்மா செய்ய? அந்தப் பிள்ள ஓட ஓடக் கேக்குது, எனக்கு மூச்சு முட்டுது, ஆமாங்கிறதத் தவிர வாயில வேற வார்த்தை வரல. பிரஸ்ஸும் அது கையிலதான், சீசனுக்கு இங்கனதான் இருக்குமாம். வாக்குக் குடுத்தாச்சு. பெரியவுக நீங்களே எங்க முடிவுன்னு விட்டுட்டீக, இனி மாத்திப் பேசுனா நம்ம குடும்பத்துக்கு நல்லாவா இருக்கும்?"

இத்தனையையும் அவன் ஒரே மூச்சில் சொன்னான்.

ஒரு சொல் உடையவில்லை. நடுவில் ஒரு புஸ் இல்லை.

கீர்த்திகா லாரியின் பின்பலகையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். காதுக்குள் திம்திம்மென்று அடித்துக்கொண்டிருந்தது.

போனை வைத்துவிட்டுத் திரும்பிய தருண்குமார் அவளைப் பார்த்தான். அவன் சட்டைக் கழுத்து கூட நனையவில்லை.

எதையாவது கேட்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அவன் அவள் கையிலிருந்த சோடாவை வாங்கித் திறந்து, அவளிடமே நீட்டினான்.

"மொதல்ல நீங்க குடிங்க."