ஒரே ஒரு குழி

“பதினஞ்சு வருஷம் தாங்கும்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லிச்சு. ஆறே மாசத்துல குழி விழுந்திருக்கு!”

அதிகாரி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டுப் போனதும், அந்தத் தார்ச்சாலையைக் கணினியில் வடிவமைத்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

“லாரி பாரம், வெயில், மழை எல்லாத்தையும் குடுத்து மறுபடி ஓட்டிப் பாத்துட்டேன் சார். மாடல்ல தப்பே தெரியல. ரோட்டுலயும் வேற எங்கயும் ஒரு கீறல்கூட இல்ல. எனக்கு இந்த வேலை சரிப்பட்டு வராது போல.”

“அப்படியெல்லாம் பேசாதம்மா” என்றார் மூத்த பொறியாளர். அவள் முகத்தைப் பார்க்கத்தான் அவருக்குத் தெம்பில்லை.

மாலையில் வீடு திரும்பியவரை மனைவி மலர்ந்த முகத்தோடு வரவேற்றாள்.

“புது ரோட்டுல கண்ணுமண்ணு தெரியாமப் பறந்த வண்டியெல்லாம் இப்ப நம்ம வாசல்ல பெட்டிப்பாம்பா அடங்கிடுதுங்க. பாப்பா பயமில்லாம ரோட்டைத் தாண்டுறா.”

அவர் பையை இறக்கி வைத்தார். “பாவம், ஆபீஸ்ல அந்தப் பொண்ணு அழுதுடுச்சு. நாளைக்குக் குழியை மூடப் போறாங்க.”

“மூடட்டுமே! மறுபடியும் கொத்திட்டாப் போச்சு. நீங்க கடப்பாறையைப் பரண்மேலதானே வச்சீங்க?”