லேஸ் சார்

“சார், மறுபடியும் லேஸா?”

பாதை நடுவே முதுகைக் காட்டிக் குந்திவிட்டவரைப் பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டார் கேப்டன். கேப்டன் எந்தப் படையிலும் இருந்தவரில்லை. இன்சூரன்ஸ் கம்பெனியில் ஓய்வு பெற்றவர். கழுத்தில் விசில் ஏறியதும் பதவியும் கூடவே ஏறிக்கொண்டது.

“ஒரு நிமிஷம் கேப்டன். அவிழ்ந்துடுச்சு.”

“காலையிலேருந்து அதுக்கு வேற வேலையே இல்லையா?”

காட்டுப் பூங்காவின் நடைக் குழுவுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருவர் நின்றால் எல்லோரும் நிற்க வேண்டும். யாரையும் தனியே விட்டுப் போகக் கூடாது. மிக உயர்ந்த சட்டம். அதனால் எல்லோரும் நின்று, உயர்ந்த மனதோடு அவரைத் திட்டினார்கள். அவர் பெயரை யாரும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. லேஸ் சார் என்றால் போதும்.

கடைசியாக வந்துகொண்டிருந்த ஓய்வு பெற்ற டீச்சரும் நின்றார். ஒரு மரத்தில் கையை ஊன்றி, கிளைகளில் எதையோ தேடுவது போல அண்ணாந்தார். தேடியது மூச்சை.

“அண்ணி, என்ன பார்க்கறீங்க?” முன்னாலிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள்.

“பறவை.”

“எங்கே?”

“பறந்துடுச்சு.”

நாத்தனார் வந்தது காட்டைப் பார்க்க அல்ல, அண்ணியைப் பார்க்க. போன வருடம் டீச்சருக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை. ‘நடங்க, ஆனா நின்னு நின்னு நடங்க’ என்றார் டாக்டர். வீட்டில் டாக்டர்கள் இன்னும் அதிகம். அவர்கள் நடக்கவே கூடாது என்றார்கள். இன்று மூச்சு வாங்காமல் இந்தச் சுற்றை முடித்தால் அடுத்த வாரம் மலை உச்சிக்குப் போகும் குழுவில் டீச்சருக்கு இடம். வாங்குவது தெரிந்தால், இனி படுக்கையறை ஜன்னலில் தெரியும் ஒற்றை மரம்தான் அவருக்குக் காடு.

“கிளம்பலாம்!” விசில் அடித்தார் கேப்டன். இரண்டு கிளிகள் பயந்து பறந்தன. பறவைகளைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று காலையில் பேசியவரும் அவர்தான்.

இயற்கையை ரசிக்க வந்தவர்கள் கைக்கடிகாரத்தை ரசித்துக்கொண்டே நடந்தார்கள். ஓடைக்கரையில் ஒரு மரம் இலை தெரியாமல் பூத்திருந்தது.

“நேரமில்லை, நேரமில்லை!” என்றார் கேப்டன்.

மரம் தன்பாட்டுக்கு இரண்டு பூவை உதிர்த்தது.

பாதை ஏறத் தொடங்கியது. டீச்சரின் நெஞ்சுக்குள் யாரோ ரம்பம் போட ஆரம்பித்தார்கள். கால் பின்னியது. நாத்தனார் திரும்பிப் பார்க்கப் போனாள்.

“ஒரு நிமிஷம் கேப்டன்!”

லேஸ் சார் குந்திவிட்டார்.

“ஏன் சார், உங்கம்மா லேஸ் கட்டவே கத்துக்குடுக்கலையா?”

“கத்துக்குடுத்தாங்க கேப்டன். அன்னைக்கும் நான் லேட்டாத்தான் போனேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சர் ஒரு பாறையில் சாய்ந்தார். மூச்சு திரும்பி வந்தது. வந்த கையோடு கேலியும் வந்தது. அடுத்தவரைப் பார்த்துச் சிரிக்கிற நேரத்தில் நம்மை யாரும் பார்ப்பதில்லை அல்லவா?

“செருப்பு போட்டுட்டு வந்திருக்கலாமே சார். எங்களுக்காவது புண்ணியமாப் போகும்.”

சிரிப்பு இரட்டிப்பானது. நாத்தனாருக்குப் பெருமை தாங்கவில்லை.

“பாருங்க சார், நெஞ்சைத் திறந்து தைச்ச ஆளு எங்க அண்ணி. உங்களுக்கு முன்னாடி ஜோரா நிக்கறாங்க.”

“ஆமாம்மா, ஜோராத்தான் நிக்கறாங்க” என்றார் லேஸ் சார்.

சுற்று முடிந்து வாசலுக்கு வந்ததும் கேப்டன் ஒரு கல்லின் மேல் ஏறி நின்றார். தீர்ப்பைத் தரையிலிருந்து சொன்னால் எடுபடாது.

“அடுத்த வாரம் உச்சிக்கு எல்லாரும் வரலாம். டீச்சரம்மா, நீங்க தாராளமா வாங்க. லேஸ் சார் மட்டும் வேண்டாம். ஒருத்தருக்காக எல்லாரும் நிக்க முடியாது. என்ன டீச்சரம்மா, சரிதானே?”

“ரொம்பச் சரி. இவரை நம்பிப் போனா உச்சிக்குப் போறதுக்குள்ள பொழுது சாஞ்சிடும்.”

லேஸ் சாரும் எல்லோரோடும் சேர்ந்து சிரித்தார்.

வெளியே போகும் முன் ஷூவைத் தேய்த்துச் சுத்தம் செய்தாக வேண்டும். களை விதைகள் மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஊர் சுற்றக் கூடாதாம். கேப்டன் பேருக்கு இரண்டு தட்டு தட்டிவிட்டுக் காரில் ஏறினார். மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போனார்கள். “அண்ணா, அண்ணி கலக்கிட்டாங்க!” என்று போனில் கத்திக்கொண்டே நாத்தனார் அந்தப் பக்கம் நகர்ந்தாள்.

பெஞ்சில் டீச்சரும் லேஸ் சாரும் மட்டும்.

டீச்சர் தன் ஷூவின் ஒட்டும் பட்டையைப் பிரித்தார். பக்கத்தில் லேஸ் சார் பேண்ட்டைச் சுருட்டிவிட்டு, ஷூவை ஒரே இழுப்பில் உருவினார்.

டீச்சரின் கை அப்படியே நின்றது.

காலை நுழைத்துப் போட்டுக்கொள்ளும் ரகம். அதில் லேஸ் இல்லை. லேஸ் கோக்க ஓட்டைகூட இல்லை.

“சார்...”

மூச்சு, யாரும் பார்க்காத தைரியத்தில், பலமாக வாங்கியது.

லேஸ் சார் தன் ஷூவைத் தேய்த்து முடித்து, பிரஷை டீச்சரிடம் நீட்டினார்.

“அடுத்த வாரம் நான் இருக்க மாட்டேன் டீச்சர். நீங்க லேஸ் வச்ச ஷூவாப் பார்த்துப் போட்டுட்டுப் போங்க. ஏத்தம் வந்தா தானா அவிழ்ந்துடும்.”