ஏழு நிமிடம்

'மார்ச் 4, செவ்வாய். இன்றைய தவறு: "இருபத்திரண்டு வருடங்களாக ஒரு நிமிடமும் பிசகாத கடிகாரம்" என்று பள்ளிச் செய்தி மடலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சரிபார்க்கவில்லை.'

டைரியில் எழுதி அடிக்கோடு போட்ட பிறகும் அவளுக்கு மனசு ஆறவில்லை. வியாழக்கிழமை மடல் அச்சுக்குப் போகிறது. வெள்ளிக்கிழமை விழா. பள்ளி முகப்பில் உள்ள பெரிய கடிகாரத்துக்கு வாரம் தவறாமல் ஏணியில் ஏறிச் சாவி கொடுக்கும், எதிர்க்கடை வாட்ச் ரிப்பேர்க்கார அம்மாவுக்குப் பாராட்டு. கடிகார முள்ளோடு புழங்குவதாலும், வாயும் முள் என்பதாலும் எல்லாருக்கும் அவர் முள்ளக்கா. கடிகாரத்துக்குக் கீழே மாட்ட அவர் பெயரில் ஒரு பலகையும் தயார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எடுத்த படத்தில் கடிகாரம் 3.10 காட்டியது. படம் எடுத்த நேரம் என்று கைபேசி சொன்னதோ 3.17. முதலில் தன் கைபேசியைத்தான் சந்தேகப்பட்டாள். வானொலியோடு ஒப்பிட்டாள், பக்கத்து வீட்டுக் கைபேசியோடும் ஒப்பிட்டாள். ஏழு நிமிடம் ஏழு நிமிடமாகவே இருந்தது.

"இருக்காதும்மா," என்றார் மறுநாள் தலைமையாசிரியை. "போன வருஷம் என் வாட்ச்தான் வேகமா ஓடுதுன்னு முள்ளக்காகிட்ட கொடுத்தேன். பள்ளிக்கூடக் கடிகாரத்தோட சரியா வெச்சுக் கொடுத்தாங்களே!"

அவள் கைபேசியில் அந்தப் படத்தைத் திறந்து மேசைமேல் வைத்தாள்.

"ஐயையோ! விழாவுல சிரிச்சுடுவாங்களே. அந்த ஒரு வரியை எடுத்துடலாமா?"

"வரியை எடுத்தா கடிகாரம் சரியாயிடுமா மேடம்? நானே போய்த் திருத்தச் சொல்றேன்."

நேரத்தைப் பற்றிப் பேசத் தனக்குத் தகுதி உண்டு என்பது அவள் எண்ணம். பகலில் மருந்து பேக்கிங் கம்பெனி, மாலையில் இங்கே வேலைக்குப் போகிறவர்களுக்கான வகுப்பில் படிப்பு. ஆறு மணிக்கு கேட் மூடிவிடுவார்கள். மூன்று முறை தாமதமானால் பெயரை அடித்துவிடுவார்கள். சேர்ந்த முதல் வாரத்திலேயே இரண்டு நாள் அவள் மூடிய கேட்டுக்கு வெளியே நின்றாள். பிறகு பஸ் நிற்கும் முன்பே குதித்து ஓடப் பழகிக்கொண்டாள். இரண்டு வருடத்தில் மூன்றாவது தாமதம் வரவே இல்லை.

இடைவேளையில் தெருவைக் கடந்தாள். முள்ளக்கா ஒற்றைக் கண்ணில் லென்ஸைச் செருகியபடி குனிந்திருந்தார்.

"வாங்க ரிப்போர்ட்டரம்மா. இன்னும் என்ன பாக்கி? நான் பொறந்த நேரமா?"

"அக்கா, பள்ளிக்கூடக் கடிகாரம் ஏழு நிமிஷம் ஸ்லோ."

"தெரியும். முள்ளைத் திருப்பி வெச்சதே நான்தானே."

"வேணும்னேவா? வெள்ளிக்கிழமைக்குள்ள திருத்திடுங்கக்கா."

"முடியாது."

"பார்க்கறவங்க என்ன நினைப்பாங்க?"

"எல்லார் கையிலயும் போன் இருக்கு. இந்தக் கடிகாரத்தைப் பார்த்துட்டு யாரும் ரயிலைக் கோட்டை விடலை."

"நான் பொய் எழுத மாட்டேன்க்கா."

"எழுதாதே. என் பக்கத்தையே எடுத்துடு. பலகையைப் பரண்ல போடட்டும். முள்ளை மட்டும் தொட மாட்டேன்."

"இவ்வளவு வீம்பா?"

"உனக்கு இல்லையாக்கும்? நீ ஓடற ஓட்டத்தைத்தான் தினமும் பார்க்கறேனே. போ போ, வகுப்புக்கு நேரமாச்சு."

அவளும் விடுவதாக இல்லை. கடிகாரம் பிழை என்றே அச்சிடுவது. அதற்குச் சரியான ஆதாரம் வேண்டும். ஒரு நாள் அளவு போதாது.

வியாழக்கிழமை மாலை வழக்கம்போல் பஸ்ஸிலிருந்து குதித்தாள், ஓடினாள், கேட்டுக்குள் நுழைந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்: 5.58. தினமும் டைரியில் குறிப்பது இந்த நேரத்தைத்தான். ஓடுகிற ஓட்டத்தில் பைக்குள் கிடக்கும் கைபேசியை அவள் ஒரு நாளும் எடுத்துப் பார்த்ததில்லை. இன்று எடுத்தாள்.

6.05.

பையிலிருந்து டைரியை எடுத்துப் புரட்டினாள். 5.57. 5.58. 5.56. ஒவ்வொன்றோடும் ஏழைக் கூட்டிக்கொண்டே போனாள். ஆறு மணிக்கு முன்னால் வந்த நாள் ஒன்றுகூட இல்லை.

பின்னால் காவலாளி, முகப்புக் கடிகாரத்தில் ஆறு ஆனதைப் பார்த்துவிட்டு, கேட்டை இழுத்து மூடினார். எதிரே கடை வாசலில், லென்ஸை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நின்றிருந்த முள்ளக்கா, அவள் உள்ளே நிற்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய் வேலையில் உட்கார்ந்தார்.

அச்சுக்குப் போகும் பக்கத்தில் பழைய வரியை அடித்துவிட்டு அவள் எழுதினாள்: 'கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது. காரணம், இதை எழுதியவள்.'

பிறகு டைரியில்:

'நாளைய வேலை: காலையில் பதினைந்து நிமிடம் முன்னதாகக் கம்பெனிக்கு வந்து, மாலையில் பதினைந்து நிமிடம் முன்னதாகக் கிளம்ப சூப்பர்வைசரிடம் அனுமதி வாங்குவது. வாங்கியதும், முள்ளக்கா கடிகாரத்தைத் திருத்த ஏணியைப் பிடித்துக்கொள்வது.'