தையல்காரம்மாவுக்குக் கண் தெரியவில்லை

“எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. இனிமே ஊசியை நீங்களே போட்டுக்குங்க.”

தையல்காரம்மா இன்சுலின் பேனாவைக் கணவரின் முன்னால் வைத்துவிட்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள். சொன்னது சுத்தப் பொய். எறும்பின் மீசையை எண்ணிச் சொல்கிற கண் அது.

வேறு வழியில்லை. இன்னும் மூன்று வாரத்தில் அவர் தனியாக விமானம் ஏற வேண்டும். வெளிநாட்டில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், இருநூறு சீருடை பாக்கி. இவளால் போக முடியாது. மகளோ ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழுகிற ரகம்.

“அங்க யாருங்க போட்டுவிடுவா?” என்று முன்பே கேட்டுப் பார்த்தாள்.

“போய்ப் பாத்துக்கலாம்” என்றார், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

சர்க்கரைக்காரர் பேசுகிற பேச்சா இது? பதினோரு வருஷமாகக் காலையில் சட்டையைத் தூக்கிக் காட்டுவதோடு அவர் வேலை முடிந்தது. டாக்டரிடம் பயணக் கடிதம் வாங்கப் போவதற்குள் கற்றுக்கொள்ளாவிட்டால், மகளிடம் சொல்லி டிக்கெட்டை ரத்து செய்துவிடுவது என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

முதல் நாள் மூடியைக் கழற்றவே ஐந்து நிமிஷம்.

“எத்தனை வைக்கணும்?”

“பதினாறு யூனிட். அதுகூடத் தெரியாதா?”

“நீதானே வைப்பே.”

“பத்து மாடி லிஃப்டைப் பிரிச்சு மாட்டுன கை. இந்தப் பேனா என்ன பண்ணுது உங்களை?”

“லிஃப்டுக்கு வலிக்காது.”

மறுநாளும் அதே கூத்து. “கண்ணு தெரியாட்டி என்ன, பக்கத்துல வந்து உக்காரு. தைரியமா இருக்கும்” என்றார். தலையில் அடித்துக்கொண்டு மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள். அப்புறம் தினமும் வர வேண்டியதாயிற்று.

ஒருநாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேனாவைத் திருகினார். அவள் மனசுக்குள் எண்ணினாள். சரியாகப் பதினாறு சொடுக்கு. பரவாயில்லை, மண்டையில் ஏறுகிறது.

கிளம்புவதற்கு முந்தின நாள் கிளினிக்கில் நர்ஸ் கடிதத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

“மருந்து கைப்பையிலதான் இருக்கணும் சார். பெரிய பெட்டியில போட்டா குளிர்ல உறைஞ்சிடும். ஊசியைத் தானே போட்டுக்கிறார்னு எழுதிடட்டுமா?”

“தாராளமா எழுதும்மா” என்று தையல்காரம்மா முந்திக்கொண்டாள். “மூணு வாரமா விரட்டி விரட்டிக் கத்துக்கொடுத்திருக்கேன்.”

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள். “நீங்களா? சர்க்கரைன்னு தெரிஞ்ச அன்னிக்கே நான் ஒரு தடவைதான் காட்டினேன், டக்குனு போட்டுக்கிட்டார். பயந்துக்கிட்டு வர்றவங்களுக்கு இன்னிக்கும் இவரைக் கூப்பிட்டுத்தான் காட்டச் சொல்றேன்.”

கணவர் சுவரில் ஒட்டியிருந்த பல் விளக்கும் முறையை மும்முரமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

வீடு வந்ததும் அவள் நேராக மெஷினில் போய் உட்கார்ந்தாள். சாயங்காலம் முழுக்க மெஷின்தான் பேசியது.

மறுநாள் காலை. பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. கைப்பையில் கடிதம், மருந்து, எல்லாம் அவளே அடுக்கியது. அவர் பேனாவை எடுத்து, யாருக்கும் காத்திராமல், சடசடவென்று திருகினார்.

மெஷின் நின்றது. அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து பேனாவைப் பிடுங்கினாள்.

“உனக்குத்தான் கண்ணு தெரியாதே?”

“தெரியாதவ இருநூறு சட்டைக்குக் காஜா எடுப்பாளா? சட்டையைத் தூக்குங்க.”

தூக்கினார். குத்திவிட்டு, வழக்கம்போல் ஊசியை எடுக்காமல் பத்து வரை எண்ணினாள். பேனாவை எடுத்த பிறகும் எழுந்துகொள்ளவில்லை.

“பதினோரு வருஷம். கையும் இருக்கு, வித்தையும் தெரியும். எதுக்கு என்னை வேலை வாங்குனீங்க?”

அவர் சட்டையை இறக்கி, பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

“ஒரு நாளைக்கு இந்த ரெண்டு நிமிஷம்தான் உன் மெஷின் ஓடாது.”