வற்றாத வாய்க்கால்

நுவரெலியா ஏரியின் மேல் பத்து மணிக்கும் பனிமூட்டம் கலையாமல் நிற்கிறது. கரை நெடுக, இங்கிலாந்திலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்தது போலக் கூர்க்கூரை வீடுகள், புகைபோக்கிகள், ரோசாப் பாத்திகள். ஐந்து வயதுக் குணலட்சுமி வாயைத் திறந்து புகை விட்டுப் பார்த்துச் சிரிக்கிறாள். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கராக இருக்கும் அம்பலவாணர், வீட்டு மாட்டைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்துவிட்டு முந்தாநாள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து வந்து இறங்கிய மனைவிக்கும் மகளுக்கும் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார். வருடத்தில் இரண்டு முறைதான் அவர்களைப் பார்க்கிறார். இனி இங்கேயே இருந்துவிடேன் என்று கேட்க வாய் வரை வருகிறது. ஏரியைக் காட்டி வேறெதையோ சொல்கிறார்.

மனைவி பராசக்தி ஏரியைப் பார்க்கவில்லை. கணவரின் கம்பளிக் கோட்டைப் போர்த்தியபடி தெருவோர வாய்க்காலருகே குந்தியிருக்கிறாள். மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் கல்லில் தட்டிச் சலசலத்து ஓடுகிறது. உள்ளே விட்ட கையைக் குளிர் தாங்காமல் இழுத்து, மறுபடியும் விடுகிறாள். ஊரில் கிணற்றுத் துலாக்கயிறு பிடித்து இறைத்துக் காய்த்துப்போன கை.

“உந்தத் தண்ணியை ஆர் இறைக்கிறது?”

“ஒருத்தரும் இல்லை. தானா வருது.”

“கோடையிலை வத்தாதோ?”

“வத்தாது. எங்கடை குவாட்டேர்ஸ் வீட்டுக்குப் பின்னாலை ஓடுறதும் உப்பிடித்தான்.”

அவள் ஓரத்து மண்ணில் ஒரு பிடி எடுத்து நசுக்குகிறாள். கறுத்த, ஈரமான மண். விரலில் ஒட்டியதை உடனே கழுவாமல் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

“இஞ்சாருங்கோ,” என்கிறாள், நிமிராமலே. “ஊரிலை என்ரை தங்கச்சிக்கு ஒரு கடிதம் போடுங்கோ. எங்கடை மாட்டை இனி அவிட்டுக்கொண்டு போய்த் தன்ரை வளவிலை கட்டட்டாம்.”